முதல் வேலையும் நம் பள்ளத்தாக்குப் பிள்ளைகளும்

(முன்னாள் மாணவர் சந்திப்பு நாளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"மாணவர்களுக்கு உற்சாகம் கொடுக்கிற மாதிரி பேசுங்க" என்று சங்கச் செயலாளர் கேட்டுக் கொண்டார். உற்சாகம் நல்லதுதான். ஆனால் அது நாளைக் காலை வரைக்கும் தாங்காது. விவரம் என்றால் ஒரு வருஷம் தாங்கும். அதனால் இன்று விவரத்தையே பேசலாம் என்று வந்திருக்கிறேன். முதல் புரோகிராமர் வேலை எப்படிக் கிடைக்கிறது, எங்கே தடுக்கிறது, அதில் இந்த அரங்கத்தில் இருக்கும் மூத்தவர்களுக்கு என்ன பங்கு... இவ்வளவுதான் விஷயம்.

நான் 2012-ல் இந்தக் கல்லூரியில் படிப்பை முடித்தவன். முதல் வேலை கிடைக்கப் பதினொரு மாதம் ஆனது. இன்று என் வேலையில் ஒரு பகுதி, புதிதாக வருகிறவர்களை இண்டர்வியூ செய்வது. மேஜையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்த அனுபவத்தில் பேசுகிறேன்.

காலம் என்று ஒன்று உண்டு

படித்து முடித்த பையன் ஆறு மாதம் வீட்டில் இருந்தால் நம்ம ஊர் டீக்கடையில் தீர்ப்பு எழுதி விடுவார்கள். "பய சரியாப் படிக்கல போல." பெண்ணாக இருந்தால் தீர்ப்பு இன்னும் சீக்கிரம் வரும், கூடவே ஜாதகமும் வெளியே வரும்!

ஆனால் இந்தத் தொழிலின் சரித்திரத்தைப் பாருங்கள். 2000-லும் 2001-லும் டாட்காம் கம்பெனிகள் சரிந்தன. 2008 செப்டம்பர் 15-ல் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் திவாலானது. அதையடுத்து 2009-ல் படிப்பை முடித்தவர்களில் பலர், கையில் ஆஃபர் லெட்டரை வைத்துக் கொண்டு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். பிறகு கொரோனாவுக்குப் பின் ஒரு வெள்ளம் வந்தது. 2021-22 நிதியாண்டில் டி.சி.எஸ். மட்டும் ஒரு லட்சம் புதியவர்களை எடுத்தது. அடுத்து வறட்சி. 2023 பிப்ரவரியில் விப்ரோ, ஆறரை லட்சம் சம்பளம் பேசிக் காத்திருந்த புதியவர்களிடம், மூன்றரை லட்சத்துக்கு வருகிறீர்களா என்று கேட்டது. 2023-24 நிதியாண்டில் டி.சி.எஸ்.-ல் பணியாளர் எண்ணிக்கை 13 ஆயிரத்துக்கு மேல் குறைந்தது. இன்போசிஸில் சுமார் 26 ஆயிரம், விப்ரோவில் 24 ஆயிரத்துக்கு மேல் குறைந்தது.

2021-ல் முடித்த அண்ணனுக்கும் 2023-ல் முடித்த தம்பிக்கும் ஒரே வாத்தியார், ஒரே லேப், கிட்டத்தட்ட ஒரே மார்க். ஒருத்தருக்கு மூன்று ஆஃபர், இன்னொருத்தருக்கு ஒன்றுமில்லை. இதில் தம்பியின் குற்றம் என்ன?

இது நம்ம பக்கத்துப் பெரியவர்களுக்குப் புரியாத விஷயமே இல்லை. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அவ்வளவு பேர் வாங்கிய பழம், அறுவடை நேரத்தில் மழை பிடித்தால் வெடித்துப் போகும். தோட்டக்காரர் கொடியைத் திட்டுவாரா? கவாத்து பண்ணி அடுத்த காய்ப்புக்குத் தயார் செய்வார். பிள்ளைகளிடமும் அந்தப் பொறுமையைக் காட்டுங்கள் என்று பெற்றோர்களைக் கேட்டுக் கொள்கிறேன். அதே சமயம் தம்பிகளே, கவாத்து பண்ணாமல் கொடி தானாகக் காய்க்காது. காத்திருக்கும் காலத்தில் கை சும்மா இருக்கக் கூடாது.

வாசல்கள் எத்தனை?

"காம்பஸ் வரல சார், இனிமே என்ன பண்றது?" என்று கேட்பவர்கள் அதிகம். காம்பஸ் ஒரு வாசல். அது தவிர வேறு வாசல்களும் இருக்கின்றன.

முதலாவது, பெரிய கம்பெனிகள் நடத்தும் பொதுத் தேர்வுகள். டி.சி.எஸ். நடத்தும் என்.கியூ.டி. தேர்வை எந்தக் கல்லூரி மாணவரும் எழுதலாம். அதன் மதிப்பெண்ணை வேறு சில நிறுவனங்களும் ஏற்கின்றன. இங்கே கணக்கு, தர்க்கம், ஆங்கிலம், பிறகு புரோகிராம் எழுதுவது என்று போகும். நேரம்தான் எதிரி. வீட்டில் அலாரம் வைத்துக் கொண்டு பழகாதவர்கள், விடை தெரிந்தும் பாதியில் நிற்பார்கள். பெரிய கம்பெனிகள் பலவற்றில் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, டிகிரி எல்லாவற்றிலும் 60 சதவீதம் கேட்பது வழக்கம். அரியர் பாக்கி இருக்கக் கூடாது. விளம்பரத்தில் இந்தத் தகுதி வரியைப் படித்து விட்டு விண்ணப்பியுங்கள். பி.எஸ்சி., பி.சி.ஏ. முடித்தவர்களுக்கு விப்ரோவில் வேலை பார்த்துக் கொண்டே எம்.டெக். படிக்கும் திட்டம் ஒன்று உண்டு. அதையும் தெரிந்து வைத்துக் கொள்ளுங்கள்.

இரண்டாவது, மார்க்கை விடக் கை வேலையைப் பார்க்கும் கம்பெனிகள். இதற்கு நம் பக்கத்திலேயே நல்ல உதாரணம் சோஹோ. 1996-ல் வேறு பெயரில் தொடங்கிய கம்பெனி. 2011-ல் தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் அலுவலகம் போட்டார்கள். பட்டம் பெரிதல்ல என்று அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு பல மேடைகளில் சொல்லி வருகிறார். அங்கே முதல் சுற்றில் சின்னச் சின்ன 'சி' புரோகிராம்களைக் கொடுத்து, விடை என்ன வரும் என்று கேட்பார்கள். அடுத்து நீங்களே எழுத வேண்டும். அதற்கும் அடுத்து, டாக்சி புக்கிங், ரயில் டிக்கெட் மாதிரி ஒரு முழு விஷயத்தைச் சில மணி நேரத்தில் கட்டிக் காட்ட வேண்டும். அங்கே மனப்பாடம் செல்லாது.

மூன்றாவது, மதுரை. தேனியிலிருந்து எழுபது, எண்பது கிலோ மீட்டர்தான். இலந்தைக்குளம் எல்காட் வளாகம் இருக்கிறது, எச்.சி.எல். இருக்கிறது, ஹனிவெல் இருக்கிறது. இவை தவிர இருபது பேர், முப்பது பேர் வேலை பார்க்கும் சின்னக் கம்பெனிகளும் உண்டு. "சின்னக் கம்பெனியா?" என்று முகம் சுளிக்காதீர்கள். பெரிய இடத்தில் இரண்டு வருஷத்தில் பார்க்கிற வேலையைச் சின்ன இடத்தில் ஆறு மாதத்தில் பார்த்து விடலாம். டெஸ்டிங், சப்போர்ட் என்று வந்தாலும் உள்ளே போங்கள். உள்ளே போனபின் புரோகிராம் பக்கம் நகர்ந்தவர்கள் இந்த அரங்கத்திலேயே இருக்கிறார்கள்.

ஏலக்காய் ஏலமும் இண்டர்வியூவும்

போடி ஏல மையத்துக்குப் போயிருக்கிறீர்களா? மூட்டையை அவிழ்த்துக் கொட்டி யாரும் பார்ப்பதில்லை. ஒவ்வொரு லாட்டிலிருந்தும் கொஞ்சம் சாம்பிள் வரும். வியாபாரி அதைக் கையில் எடுத்து நிறம் பார்ப்பார், பருமன் பார்ப்பார், லிட்டர் எடை கேட்பார், விரலால் நசுக்கி முகர்ந்தும் பார்ப்பார். கொஞ்ச நேரத்தில் கம்ப்யூட்டரில் விலை விழும். மூட்டை மேல் என்ன எழுதியிருந்தாலும் விலை சாம்பிளுக்குத்தான்!

நம்ம பிள்ளைகள் கொண்டு வரும் பயோடேட்டா, மூட்டை மேல் எழுதிய எழுத்து. சி, சி பிளஸ் பிளஸ், ஜாவா, பைத்தான் என்று பன்னிரண்டு பெயர் இருக்கும். "இதில் எது உங்களுக்கு நன்றாகத் தெரியும்?" என்று கேட்டால் மௌனம். புராஜெக்ட் என்ன என்றால் "ஆன்லைன் ஷாப்பிங் சார்", "ஸ்டூடண்ட் மேனேஜ்மெண்ட் சிஸ்டம் சார்". ஊர் ஊராக இதே இரண்டு புராஜெக்ட். கடையில் காசு கொடுத்து வாங்கியது என்பது மூன்றாவது கேள்வியில் தெரிந்து விடும்.

அதற்குப் பதிலாக, அந்த ஏலத்தையே ஒரு சின்ன புரோகிராமாக எழுதிப் பாருங்களேன். லாட் எண், எடை, விற்பவர், கேட்பவர், கேட்ட விலை, நேரம் இவ்வளவுதான் தகவல். அதிக விலை கேட்டவருக்கு லாட் போக வேண்டும். சுலபம் என்று தோன்றும். எழுத உட்கார்ந்தால்தான் கேள்வி வரும். இரண்டு வியாபாரிகள் ஒரே நொடியில் ஒரே விலையை அழுத்தினால் யாருக்குக் கொடுப்பது? ஒருவர் விலையைப் பதிவு செய்து கொண்டிருக்கும்போதே இன்னொருவர் பழைய விலையைப் பார்த்துக் கொண்டிருந்தால் என்ன ஆகும்? பாதியில் கரண்ட் போய் விட்டால் கணக்கு எந்த இடத்தில் நிற்கும்?

ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் அந்த லாட்டின் விலையை மாற்ற முடியும்படி பூட்டுப் போட வேண்டும். விலையும் கேட்டவர் பெயரும் சேர்ந்தே பதிவாக வேண்டும். இல்லையென்றால் இரண்டுமே பதிவாகக் கூடாது. புத்தகத்தில் டிரான்சாக்ஷன், லாக்கிங் என்று பரீட்சைக்குப் படித்தோமே, அது இதுதான். பாங்கில் பணம் மாற்றுவதும், ரயில் டிக்கெட் எடுப்பதும் இதே கதைதான். இந்த ஒரு புரோகிராமைச் சொந்தமாக எழுதி, தப்பு வந்து, திருத்தி, மறுபடி எழுதிய பையனிடம் நாற்பது நிமிஷம் பேசலாம். எனக்குக் கேள்வி தீர்ந்து போகும், அவனுக்குப் பதில் தீராது.

இங்கே ஒரு புதிய விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, கேட்டால் கம்ப்யூட்டரே புரோகிராம் எழுதித் தருகிறது. "இனிமே எங்களுக்கு வேலை இருக்குமா சார்?" என்ற பயம் நியாயமானதுதான். ஆரம்ப நிலையில் கொடுக்கும் எளிய வேலைகளை அது செய்யத் தொடங்கி விட்டது. ஆனால் இண்டர்வியூவில் நடந்திருக்கும் மாற்றத்தைக் கவனியுங்கள். முன்பு "எழுது" என்றோம். இப்போது "எழுதியதை விளக்கு, இதில் எங்கே தப்பு வரும் சொல்லு" என்கிறோம். எழுதித் தந்ததைப் படித்துப் புரிந்து கொள்ளாதவர் இரண்டு நிமிஷத்தில் மாட்டிக் கொள்வார். அந்தக் கருவியை வாத்தியாராக வைத்துக் கொள்ளுங்கள். பரீட்சை எழுதித் தரும் ஆளாக வைத்துக் கொள்ளாதீர்கள்.

ஆங்கிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ் மீடியத்தில் படித்தவர்களுக்கு "டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்" என்றதுமே தொண்டை அடைக்கும். உங்கள் புராஜெக்டை ஐந்து நிமிஷம் ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லி, போனில் பதிவு செய்து, நீங்களே கேளுங்கள். முதல் நாள் வெட்கமாக இருக்கும். முப்பதாவது நாள் பழகி விடும். இலக்கணப் பிழைக்காக யாரையும் நான் திருப்பி அனுப்பியதில்லை. பேசவே பேசாதவர்களைத்தான் தேர்ந்தெடுக்க முடியாமல் போகிறது.

நகையை அடகு வைக்காதீர்கள்

இனி சொல்லப் போவது, இன்று நான் இங்கே வந்ததற்கே முக்கியக் காரணம். பெற்றோர்கள் தயவு செய்து கவனிக்க வேண்டும்.

"ரெண்டு லட்சம் கட்டுனா பெரிய ஐ.டி. கம்பெனில வேலை, உள்ள ஆள் இருக்கு" என்று ஒருவர் வருவார். பெரும்பாலும் தெரிந்தவருக்குத் தெரிந்தவராக இருப்பார். அம்மாவின் நகை அடகுக்குப் போகும், அல்லது ஒரு குழி நிலம் போகும். பதிலுக்கு ஒரு ஆஃபர் லெட்டர் வரும். அதில் கம்பெனியின் முத்திரை அழகாக இருக்கும். வந்த மின்னஞ்சல் முகவரியைப் பார்த்தால் யாரும் இலவசமாகத் தொடங்கக் கூடிய ஜிமெயிலாக இருக்கும். நல்ல கம்பெனி எதுவும் வேலைக்கு ஆள் எடுக்கப் பணம் வாங்குவதில்லை. டெபாசிட், டிரெயினிங் பீஸ், லேப்டாப் பீஸ் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அது நல்ல இடம் இல்லை. ஏமாந்து விட்டால் வெட்கப்பட்டு மூடி வைக்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு.

இரண்டாவது வலை, போலி அனுபவச் சான்றிதழ். "ஃபிரெஷருக்கு வேலை இல்ல, மூணு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் போட்டுத் தர்றோம்" என்பார்கள். வேலை கிடைத்தாலும் கிடைக்கலாம். பிறகு? 2014 முதல் பிராவிடண்ட் பண்டில் ஒவ்வொருவருக்கும் யு.ஏ.என். என்ற ஒரே எண். எந்தக் கம்பெனியில் எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை இருந்தீர்கள் என்பது அதில் வரிசையாக நிற்கும். நாஸ்காம் அமைப்பு 2006-ல் தொடங்கிய நேஷனல் ஸ்கில்ஸ் ரெஜிஸ்ட்ரி வேறு இருக்கிறது. சரிபார்க்கிற வேலையை அதற்கென்றே உள்ள கம்பெனிகளிடம் கொடுக்கிறார்கள். சேர்ந்து ஒரு வருஷம் கழித்துக் கூட வெளியே அனுப்புவார்கள். அப்போது போவது ஒரு வேலை மட்டுமில்லை, அடுத்த வேலையும்தான்.

மூன்றாவது வலை எல்லாவற்றிலும் பயங்கரமானது. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை, டிஜிட்டல் மார்க்கெட்டிங், மாதம் ஆயிரம் டாலர் என்று அழைத்துப் போய், எல்லை தாண்டி மியான்மரில் மியாவாடி என்ற இடத்தில் அடைத்து வைத்து, இணைய மோசடி செய்யச் சொல்லி அடித்தார்கள். படித்த, கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைகளைக் குறிவைத்தே இது நடக்கிறது என்று 2022 செப்டம்பரில் நம் வெளியுறவுத் துறையே எச்சரிக்கை வெளியிட்டது. மீட்கப்பட்டு வந்தவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் உண்டு. வெளிநாடு போவதென்றால், ஏஜெண்ட் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். தமிழக அரசின் ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷன் 1978 முதல் இருக்கிறது, அங்கே விசாரியுங்கள். டூரிஸ்ட் விசாவில் வேலைக்குக் கூப்பிட்டால், அந்த இடத்திலேயே பேச்சை முடித்து விடுங்கள்.

இன்னும் ஒன்று. சேரும்போது ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக் கொள்ளும் இடங்கள் உண்டு. காட்டுங்கள், சரிபார்க்கட்டும், திரும்ப வாங்கி விடுங்கள். பாண்டு போட்டால் எத்தனை மாதம், இடையில் விலகினால் எவ்வளவு என்று படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

அண்ணன்மார்களுக்கு ஒரு விண்ணப்பம்

யோசித்துப் பார்த்தால், இந்தப் புரோக்கர்களிடம் நம் மக்கள் ஏன் போகிறார்கள்? கேட்பதற்கு வேறு ஆள் இல்லாததால்தான். சென்னையில் ஒரு பையனுக்குச் சித்தப்பா ஐ.டி.யில் இருப்பார், எதிர் வீட்டு அக்கா ஐ.டி.யில் இருப்பார். எந்தக் கம்பெனி ஆள் எடுக்கிறது, அங்கே என்ன கேட்பார்கள், இந்த லெட்டர் நிஜமா பொய்யா என்று சாப்பாட்டு மேஜையிலேயே தெரிந்து விடும். கூடலூரிலும் சின்னமனூரிலும் அப்பா தோட்டத்தில் இருப்பார், அம்மா நூறு நாள் வேலைக்குப் போயிருப்பார். பிள்ளைக்கு அறிவு குறைவில்லை, சொல்ல ஆள்தான் குறைவு. அந்தச் சித்தப்பாவாகவும் எதிர் வீட்டு அக்காவாகவும் நம் சங்கம் இருக்க வேண்டும் என்பதே என் விண்ணப்பம். நன்கொடையும் கேடயமும் கொடுக்கிறோம், நல்லதுதான். அதோடு நான்கு காரியம் செய்யலாம்.

ஒன்று, பரிந்துரை. பல கம்பெனிகளில் ஊழியர் மூலம் வரும் விண்ணப்பத்துக்குத் தனி வரிசை உண்டு. உங்கள் கம்பெனியில் ஆள் எடுக்கும் செய்தி வந்ததும் கல்லூரி வேலைவாய்ப்புப் பிரிவுக்கு ஒரு வரி எழுதுங்கள். தகுதி இல்லாதவரைத் தள்ளி விடச் சொல்லவில்லை. தகுதி உள்ளவருக்குக் கதவு எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்கிறேன்.

இரண்டு, ஒத்திகை இண்டர்வியூ. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு மணி நேரம், போனில் இரண்டு மாணவர்கள். முகத்துக்கு நேரே குறை சொல்லுங்கள், கோபித்துக் கொள்ள மாட்டார்கள்.

மூன்று, தங்க இடம். 2010 டிசம்பர் முடிய ஓடிய மீட்டர் கேஜ் ரயில் நின்று, 2022 மே மாதம் வரை தேனிக்கு ரயிலே இல்லை. எங்கள் காலத்தில் எல்லாம் ராத்திரி பஸ்தான். 2023 ஜூன் முதல் போடியிலிருந்து சென்னைக்கே ரயில் ஓடுகிறது. பஸ்ஸில் போகிறவர்களுக்கு 2023 டிசம்பர் முடிவில் கிளாம்பாக்கம் நிலையம் திறந்தார்கள். சிறுசேரி பக்கம் இண்டர்வியூ என்றால் நகருக்குள் போகவே வேண்டாம், வண்டலூர் - கேளம்பாக்கம் சாலையில் போய்ச் சேரலாம். பயணம் சுலபமாகி விட்டது. ஆனால் விடியற்காலை இறங்கிக் குளிக்க, சட்டை மாற்ற ஒரு இடம் வேண்டும். உங்கள் அறையில் ஒரு பாய் விரிக்க இடம் இருந்தால், பெயரைச் சங்கத்தில் பதிவு செய்யுங்கள். மாணவிகளுக்கு நம் கல்லூரி அக்காமார்கள் கை கொடுக்க வேண்டும். வேலை கிடைத்தபின் தங்குவதற்குத் தமிழக அரசின் 'தோழி' விடுதிகள் தாம்பரம், கூடுவாஞ்சேரி போன்ற இடங்களில் உள்ளன. "பொம்பளப் புள்ளைய எப்படித் தனியா அனுப்புறது" என்று தயங்கும் தாய் தகப்பனிடம், அங்கே போய் வந்த ஒரு அக்கா பேசினால் போதும். நான் பத்து முறை பேசுவதற்குச் சமம்.

நான்கு, லெட்டர் சரிபார்ப்பு. மாணவர் கையில் ஆஃபர் லெட்டர் வந்தால், ஒரு ரூபாய் கட்டுவதற்கு முன் சங்கத்தில் இரண்டு பேர் பார்க்க வேண்டும். அந்தக் கம்பெனியில் நம் ஆள் யாராவது இருப்பார். ஒரு போன் போதும். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை. ஒரு குடும்பத்தின் நகை தப்பும்.

தம்பி தங்கைகளே, 2022-ல் அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' வகுப்புகள் உங்கள் கல்லூரிக்கே வருகின்றன. அட்டெண்டன்ஸுக்காக உட்காராமல் பாடத்துக்காக உட்காருங்கள். ஒரு மொழியை உருப்படியாகக் கற்றுக் கொள்ளுங்கள். ஒரு புரோகிராமைச் சொந்தமாக எழுதுங்கள். எத்தனை இடத்துக்கு விண்ணப்பித்தேன், எந்தச் சுற்றில் வெளியே வந்தேன், என்ன கேள்வி கேட்டார்கள் என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். பத்தாவது இண்டர்வியூவுக்கு முன் அந்த நோட்டைப் புரட்டினால், எதைப் படிக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். வேலை கிடைத்தபின் அந்த நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். அடுத்த வருஷத்துத் தம்பிக்குக் கொடுங்கள்.

அண்ணன்மார்களே, அக்காமார்களே! வாசலில் சங்கப் பதிவேடு வைத்திருக்கிறார்கள். பெயர், கம்பெனி, ஊர், போன் எண், நான் சொன்ன நான்கில் எது உங்களால் முடியும் என்று ஒரு வரி எழுதி விட்டுச் சாப்பிடப் போங்கள். சாப்பாடு ஆறாது, நான் பொறுப்பு!